கூடங்குளத்தில் குப்புறப் படுத்தேன்!

இடுப்பு வலி இல்லாத பாக்கியசாலிகள் இந்தப் பக்கத்தை அப்படியே புரட்டி ஜோக்ஸ் பக்கம் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள், அதாவது காலை ஒன்பதரையிலிருந்து மாலை ஆறு வரை நாற்காலியோடு நாற்காலியாகக் கிடந்துவிட்டு, எழுந்திருக்கும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம் போட்டு, பக்கத்து ஸீட்டில் யாராவது கேட்டுத் தொலைத்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறவர்கள்... நீங்கள் கொஞ்சம் இருங்கள். உங்களுக்குத்தான் இது.

நான் கூடங்குளம் போனது அணு உலையைப் பற்றி எழுத அல்ல. அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஆதரித்து ஒரு லாரி, எதிர்த்து ஒரு லாரி. நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே உலை, வீட்டில் சோற்றுக்கு வைக்கும் உலைதான். நான் போனது வேறு சங்கதிக்கு. ரஷ்ய என்ஜினீயர்கள் குடும்பத்தோடு வந்து தங்குகிற ஊர் அல்லவா... அங்கே பழக்கடை, துணிக்கடை வைத்திருப்பவர்கள் பேரம் பேசுகிற அளவுக்கு ரஷ்ய பாஷை பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான்கு ரஷ்ய வார்த்தை, இரண்டு ஜோக், ஒரு போட்டோ. ஒன்றரைப் பக்கம் தேறும் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்டில் எனக்குக் கிடைத்தது கடைசி ஸீட்டு. கடைசி ஸீட்டு என்பது ஸீட்டு அல்ல, தண்டனை. நாங்குநேரி வரை பரவாயில்லை. வள்ளியூர் தாண்டி ராதாபுரம் பாதையில் பஸ் திரும்பியதும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முதுகெலும்பு தனித்தனியாகக் கையெழுத்துப் போட ஆரம்பித்தது. வெளியே பார்த்தால் அருமையான காட்சி. பனை, பனையை விட்டால் காற்றாலை, காற்றாலையை விட்டால் மறுபடி பனை. ஆனி ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காற்று இந்த வட்டாரத்தில் ஒரு ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அதை மறித்து மின்சாரம் எடுக்கத்தான் முப்பந்தலிலிருந்து இந்தப் பக்கம் வரை அத்தனை காற்றாலைகள். ரசித்துக்கொண்டேதான் வந்தேன்.

இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிடித்துக்கொண்டது என்றால், படியில் ஒரு கால், தரையில் ஒரு கால், பை தோளில், வாய் திறந்தபடி. கண்டக்டர், "சார், எறங்குதியளா, ஏறுதியளா?" என்றார். என்னால் இரண்டுமே முடியவில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது?

இந்த இடுப்பின் சரித்திரத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஆறு மாசமாகவே தகராறு. டாக்டர் பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்துவிட்டு, "டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. தசைதான் சோம்பேறி ஆயிடுச்சு. எக்ஸர்ஸைஸ் பண்ணுங்க" என்றார். நான் ஒரு ஜிம்முக்குப் பணம் கட்டினேன். அங்கிருந்த தம்பி முதல் நாளே ஐம்பது ஸிட்-அப் எடுக்கச் சொன்னார். எடுத்தேன். மூன்று நாள் லீவும் எடுத்தேன். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. இதெல்லாம் தமாஷாகச் சொல்லிக்கொள்ளலாம். தமாஷாகச் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. எனக்கு மூன்று வயதில் ஒரு மகள். ஒரு கல்யாண வீட்டில் தூக்கக் கலக்கத்தில் "அப்பா, தூக்கு" என்று கையை நீட்டினாள். நான் யோசித்தேன். இரண்டு நொடிதான் யோசித்திருப்பேன். அதற்குள் அவளே கையை மடக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு மாமாவிடம் போய், "நீங்க தூக்குங்க. அப்பாவுக்கு முதுகு ரிப்பேர்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சரி, கூடங்குளத்துக்கு வருவோம். என்னை அழைத்துப்போக வந்திருந்தவன் கல்லூரி நண்பன். ஒரே பெஞ்சு, ஒரே அரியர். இப்போது அங்கே ஒரு கான்ட்ராக்டர் ஆபீஸில் கணக்கு பார்க்கிறான். கேள்விக்குறி மாதிரி நின்ற என்னைப் பார்த்து, "என்னடே, வரும்போதே கும்பிட்டுக்கிட்டு வார?" என்றான். மோட்டார் பைக்கில் உட்கார முடியாது. ஆட்டோவில் பக்கவாட்டில் மடித்து வைத்து, செட்டிகுளம் பக்கம் கொண்டுபோனான். அங்கேதான் அணுமின் நிலைய ஊழியர்களின் குடியிருப்பு, அணுவிஜய் நகர். ரஷ்யர்களும் அங்கேதான். பக்கத்திலேயே அவனுக்குத் தெரிந்த அக்கா ஒருத்தர் பழக்கடை வைத்திருந்தார். "முதல்ல ஒரு ஜூஸைக் குடி. பொறவு ஆஸ்பத்திரி போவலாமா, ஆசான்கிட்ட போவலாமான்னு யோசிப்போம்."

கடையில் அன்னாசிப் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்த அக்கா ஒரு ரஷ்யப் பெண்மணியோடு பேரம் நடத்திக்கொண்டிருந்தார். அன்னாசிக்கு ரஷ்ய மொழியில் அனனாஸ். நம்முடையதும் அவர்களுடையதும் ஒரே வேர். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர்கள் உலகம் பூராவும் பழத்தோடு பெயரையும் கொண்டுபோய் இறக்கினார்கள். மாம்பழத்துக்கு மாங்கோ. அது நாம் கொடுத்த வார்த்தை. ஆகவே பழக்கடையில் ரஷ்யா பேசுவது பாதி நம் பாஷை பேசுவதுதான். (ஒன்றரைப் பக்கக் கட்டுரைக்கு நான் எடுத்த குறிப்பு இத்தோடு முடிந்தது.)

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒல்லி. முதுகு மட்டும் ஸ்கேல் வைத்து வரைந்தது மாதிரி நேர். என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலில் உட்காரப் போய், பாதியில் நின்று, "ஸ்ஸ்..." என்று மறுபடி எழுந்ததையும் பார்த்தார். பழத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நோக்கி விரலை நீட்டி, "ஸ்பினா?" என்றார். பிறகு தரையைக் காட்டி, "நா போல்!" என்றார்.

நான் நண்பனைப் பார்த்தேன். "நா போலா? யாரைப் போல்?"

அக்கா சிரித்தார். "ஸ்பினான்னா முதுவு தம்பி. நா போல்ன்னா தரையில. தரையில படுக்கச் சொல்லுதாவ. அந்தம்மா அவுக ஊர்ல சின்னப் புள்ளையளுக்கு டான்ஸ் சொல்லிக்குடுத்தவுக. ஏதோ பாலேங்காவ. எனக்கு ஒரு தடவ கழுத்து சுளுக்குனப்பயும் இப்படித்தான் பண்ணுனாவ."

பாலே! வெள்ளைப் பாவாடை, கட்டை விரல் நுனி, அன்னப் பறவை. அந்த பாலேயா? அந்த நேரத்தில் நான் எந்த நுனியிலும் நிற்கத் தயாராக இல்லை. ஆனால் அவர் ஆடச் சொல்லவில்லையே... படுக்கத்தானே சொல்கிறார்? கால் மரத்துப் போகிறதா, சுரீரென்று காலில் இறங்குகிறதா என்று அக்கா மூலம் முதலில் கேட்டார். இல்லை என்றேன். இருந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லியிருப்பார். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அக்கா கடையின் பின்பக்கம் ஒரு கோரைப்பாயை விரித்தார். பத்தமடைப் பாய் அல்ல, சாதா பாய். ஒரு பூனை எழுந்து இடம் கொடுத்தது.

மல்லாந்து படுத்தேன். முழங்கால்களை மடித்து, பாதம் தரையில். "திஷி" என்றார். மூச்சு விடு. விட்டேன். இடுப்புக்கும் பாய்க்கும் நடுவில் பூனையே புகுந்து போகிற அளவுக்கு இடைவெளி. அவர் என் அடிவயிற்றுக்கு நேரே விரலைக் காட்டி ஏதோ சொன்னார். அக்காவுக்கும் வார்த்தை தெரியவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "தம்பி, அரைஞாண் கயிறு கட்டுத எடம் இருக்குல்லா... அது தளர்ந்திட்டதாம். மெதுவா உள்ள இழுத்துக் கட்டணுமாம். மூச்சப் பிடிக்கக் கூடாதாம்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், வீட்டுக்கு வந்து உடற்கூறு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தபோது இதைவிட நல்ல விளக்கம் கிடைக்கவில்லை. நம் வயிற்றில் தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சினிமா ஹீரோக்கள் சட்டையைக் கழற்றிக் காட்டுவது மேல் அடுக்கு. அதற்கு அடியில், யாரும் பார்க்காத இடத்தில், பெல்ட் மாதிரி குறுக்காகச் சுற்றி வரும் ஒரு தசை இருக்கிறது. முதுகுப் பக்கம் முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியையும் ஒட்டிப் பிடிக்கும் குட்டித் தசைகள். மேலே உதரவிதானம் மூடி, கீழே இடுப்புத் தளம் அடிப்பலகை. நாலும் சேர்ந்தால் ஒரு டப்பா. டப்பா கெட்டியாக இருந்தால் மேலே கையும் காலும் என்ன கூத்து ஆடினாலும் முதுகு தாங்கும். நாற்காலியில் சாய்ந்து கிடக்கிறவனுக்கு அந்த டப்பாவுக்கு வேலையே இல்லை. வேலை இல்லாதவன் தூங்குவான். என் ஜிம் தம்பி ஐம்பது ஸிட்-அப் கொடுத்து மேல் அடுக்கை அடித்து எழுப்பினார். உள்ளே இருந்தவன் தூங்கிக்கொண்டேதான் இருந்தான்.

அரைஞாண் கயிற்றை இறுக்கியபடி ஒரு குதிகாலை மட்டும் தரையோடு மெள்ள நீட்டி, மெள்ள மடக்கச் சொன்னார். "மேத்லினா, மேத்லினா." மெதுவாக, மெதுவாக. இது ஒரு எக்ஸர்ஸைஸா என்று நினைத்தேன். நான்காவது முறை கால் நடுங்கியது. ஆறாவது முறை நெற்றியில் வியர்வை. நண்பன் எட்டிப் பார்த்து, "என்னடே, காலை நீட்டுததுக்கா இவ்வளவு மூச்சு வாங்குத?" என்றான். அவனையும் படுக்க வைத்தோம். மூன்றாவது முறையிலேயே நிறுத்திவிட்டு, ஆபீஸில் அவசரமாக ஒரு பில் பாஸ் பண்ண வேண்டும் என்று ஞாபகப்படுத்திக்கொண்டான்.

இருபது நிமிஷத்தில் எழுந்து நின்றேன். வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் லேகியம் விற்கிறவன் ஆகிவிடுவேன். போகவில்லை. ஆனால் நிமிர முடிந்தது. அந்த அம்மாள் அனனாஸை எடுத்துக்கொண்டு, "ஸாஃப்த்ரா" என்று சொல்லிப் போனார். நாளைக்கு வா என்று அர்த்தமாம். ஒரு நாள் வேலைக்குப் போனவன் மூன்று நாள் தங்கினேன்.

அந்த மூன்று நாளில் அக்காவின் மொழிபெயர்ப்பில் தெரிந்துகொண்டதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ரஷ்யாவில் பாலே கற்க வரும் குழந்தையை எடுத்தவுடன் நுனிக்காலில் நிறுத்துவதில்லை. தரையில் படுக்க வைத்து, உட்கார வைத்து, புரள வைத்து ஒரு பயிற்சி கொடுக்கிறார்கள். பார்ட்டர் ஜிம்னாஸ்டிக்ஸ் என்று பெயர். பார்ட்டர் என்பது பிரெஞ்சிலிருந்து போன சொல். தரையில் என்று பொருள். ரஷ்யாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய் பாலே கற்பித்த போரிஸ் நியாசெஃப் என்பவர், பெரியவர்களுக்கும் இதையே ஒரு முறையாக வகுத்தார். பாலே பள்ளிகளில் சுவரோரம் ஒரு கட்டை இருக்குமே, பிடித்துக்கொண்டு காலைத் தூக்கப் பழகுவதற்கு... அந்தக் கட்டைப் பயிற்சி முழுவதையும் படுத்துக்கொண்டே செய்வது.

ஏன் படுக்க வேண்டும்? இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பாலே ஆடுபவர்களின் கால் இரண்டும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். கடிகாரத்தில் ஒன்பதேகால் மணி மாதிரி. நம் பரதநாட்டியத்து அரைமண்டியும் அதற்கு ஒன்றுவிட்ட தங்கைதான். இந்தத் திருப்பம் தொடை எலும்பு இடுப்பில் சேரும் இடத்திலிருந்து வர வேண்டும். அங்கே இருப்பது ஆட்டுரலும் குழவியும் போன்ற மூட்டு. எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் அப்படியல்ல, கதவுக் கீல். முன்னும் பின்னும் மடங்கத்தான் பிறந்தது. ஆனால் நிற்கும்போது உடம்பு திருட்டுத்தனம் பண்ணும். பாதத்தை வெளியே திருப்பித் தரையில் அழுத்தி வைத்துவிட்டால் போதும். தரையின் உராய்வு பிடித்துக்கொள்ளும், பார்க்க ஒன்பதேகால் ஆகிவிடும். கீல்தான் முறுகும். ஆடுகிற பெண்களுக்கு முழங்காலும் கணுக்காலும் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மல்லாந்து படுத்தால் பாதத்துக்குப் பிடிக்கத் தரை இல்லை. இடுப்புத் தசை எவ்வளவு திருப்புகிறதோ அவ்வளவுதான் திரும்பும். பத்தேமுக்கால் என்றால் பத்தேமுக்கால்தான். ஆடிட்டர் வந்து உட்கார்ந்த மாதிரி! பொய்க் கணக்கு எழுத வழியே கிடையாது.

இன்னொன்று எடை. 1960-களில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாச்செம்ஸன் என்ற எலும்பு மருத்துவர், உயிரோடு இருக்கும் மனிதர்களின் முதுகெலும்பு வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். (ஊசி குத்திக்கொண்ட புண்ணியவான்களுக்கு ஒரு நமஸ்காரம்.) நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூட என்று அவர் சொன்னதைப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் திருத்தினார்கள். ஆனால் படுத்திருக்கும்போதுதான் மிகக் குறைவு என்பதில் தகராறு இல்லை. சுமையை இறக்கி வைத்துவிட்டு வண்டியை ரிப்பேர் பார்ப்பதுதானே முறை?

உடற்பயிற்சி உலகத்தில் இதைப் பிரபலமாக்கியவர் ஜெர்மனியில் 1883-ல் பிறந்த ஜோஸஃப் பிலாட்டிஸ். முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இருந்ததால் எதிரி நாட்டவன் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள். அங்கே சக கைதிகளுக்குத் தரைப் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1920-களில் நியூயார்க் போய்க் கடை விரித்தார். பாலன்சைன், மார்த்தா கிரஹாம் போன்ற நாட்டிய ஜாம்பவான்கள் அடிபட்ட ஆட்டக்காரர்களை அவரிடம் அனுப்பினார்கள். இன்றைக்கு நம் ஊர் நகரங்களிலும் அவர் பெயரில் ஸ்டுடியோ வைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். எனக்கு ஒரு அன்னாசிப் பழத்தோடு முடிந்தது. இரண்டாம் நாள் பழத்துக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

இரண்டாம் நாள் மூன்று பாடம். ஒன்று, நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டுவது. முதுகின் மேல் டீ டம்ளர் வைத்தால் சிந்தக் கூடாது. கனடாவில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆராய்ச்சிப் பேராசிரியர் இடுப்பு வலிக்காரர்களுக்குச் சிபாரிசு செய்யும் மூன்றில் இதுவும் ஒன்று என்று பிறகு தெரிந்தது. இரண்டு, ஒருக்களித்துப் படுத்து, குதிகால்களைச் சேர்த்து வைத்தபடி மேல் முழங்காலை மட்டும் சிப்பி மாதிரி திறப்பது. பிட்டத்தின் பக்கவாட்டில் எனக்கு ஒரு தசை இருக்கிறது என்பதே அன்றுதான் தெரியும். மூன்று, பாலம். மல்லாந்து, முழங்கால் மடித்து, இடுப்பை மட்டும் மேலே தூக்கி நிறுத்துவது. "யிஷோ ராஸ்!" என்பார். இன்னொரு தடவை. கடைசி நாள் வரை எனக்கு மிகவும் பயம் தந்த ரஷ்ய வார்த்தை அதுதான்.

சாயந்திரம் நண்பனோடு இடிந்தகரை பக்கம் போனேன். மாதா கோயில், அதன் முன்னால் மணல், அதற்கப்பால் கடல். 2011-ல் ஆரம்பித்து அணு உலை வேண்டாம் என்று ஜனங்கள் பந்தல் போட்டு வருஷக்கணக்காக உட்கார்ந்த இடம். உட்கார்ந்தபடியே பெண்கள் பீடி சுற்றினார்கள். போராட்டமும் நடக்க வேண்டும், அடுப்பும் எரிய வேண்டும். உலைக்கு உள்ளே வேலை பார்க்கிறவனும் வெளியே உட்கார்ந்தவர்களும் எனக்கு வேண்டியவர்கள்தான். ஆகையால் அந்தப் பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் என் தரைச் சித்தாந்தத்துக்கு ஒரு அடி அங்கே விழுந்தது. அக்காவின் தங்கை பீடி சுற்றுகிறவர். "நாங்க தரையிலதான தம்பி இருக்கோம், நாள் பூரா? எங்களுக்கும் இடுப்பு போயிட்டுதே" என்றார். உண்மை. தரைக்கு ஒரு மந்திரமும் இல்லை. குனிந்தே உட்கார்ந்தால் தரையும் நாற்காலிதான். தரையில் என்ன செய்கிறோம் என்பதில் இருக்கிறது விஷயம். அந்த அம்மாவுக்குப் பாலமும் குதிகால் நீட்டலும் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் மாணவன், அதற்குள் வாத்தியார்! நம் ஊர் லட்சணமே அதுதானே.

திரும்பும் வழியில் நண்பன் பைக்கை நிறுத்தி, தூரத்தில் தெரிந்த கட்டுமானத்தைக் காட்டினான். "அணு உலை கட்டுததுக்கு எப்ப பொறந்த நாள் தெரியுமாடே? சுவரு எழுப்புத அன்னைக்கு இல்ல. அடித்தளத்துக்கு மொத கான்கிரீட் கொட்டுதாம்லா, அன்னைக்குத்தான். உலகம் பூரா அதான் கணக்கு." கூடங்குளம் முதல் உலைக்கு 2002-ல் கொட்டினார்கள்; மின்சாரம் வந்தது 2013-ல். அடுத்தடுத்த உலைகளுக்கு 2017-லும் 2021-லும் கொட்டினார்கள். "தரைக்கு அடியில போன கான்கிரீட் பில்லத்தாம்டே நான் மாசக்கணக்கா பாஸ் பண்ணுனேன். ஒருத்தன் கண்ணுக்கும் தெரியாது." அவன் பில்லைப் பற்றித்தான் சொன்னான். நான் என் இடுப்பைத் தடவிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அஞ்சுகிராமத்துக்கு அந்தப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்துக்குள், நண்பனின் மாமா ஒருவரைப் பார்க்கப் போனோம். அடிமுறை ஆசான். எழுபதைத் தாண்டியவர். அந்த மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அடிக்கவும் தெரியும், அடிபட்டதை ஆற்றவும் தெரியும். தென்னந்தோப்பில் மண்தரை. பையன்கள் ஒற்றைச்சுவடு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் பாலே கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஒத்தக் கால்ல நில்லும்" என்றார்.

நின்றேன். ஐந்து எண்ணுவதற்குள் ஆடிப்போய் நண்பன் தோளைப் பிடித்தேன்.

"காலு ஆடல. இடுப்பு ஆடுது. அதாம் காலு விளுது. உம்ம வெள்ளக்காரி சொன்னது சரிதான். இங்க வார பயலுவளையும் மொதல்ல மண்ணுலதான் கெடத்துவேன். பன்னி மாரி, பாம்பு மாரி, முதல மாரி. கம்பு கேப்பானுவ. கம்பு எங்க போவப் போவுது? மண்ணு சொல்லிக்குடுக்கதை முதல்ல கேக்கட்டும்."

களரிக்கும் நாட்டியத்துக்கும் உள்ள இந்த உறவை மேடையிலேயே காட்டியவர் சென்னையில் வாழ்ந்த சந்திரலேகா. 1985-ல் அவர் அமைத்த 'அங்கிகா'வில் களரிப்பயட்டும் யோகாவும் பரதமும் ஒரே உடம்பில் வந்தன. அப்போது பலர் முகம் சுளித்தார்கள். 2006-ல் அவர் மறைந்தார். பாலே பக்கமும் நமக்கு ஒரு பழைய உறவு உண்டு. கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி பரதம் கற்பதற்கு முன்னாலேயே, அன்னா பாவ்லோவா ஏற்பாட்டில், அவர் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலே கற்றவர். பாவ்லோவாதான் உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவர். ஆகவே ஒரு ரஷ்யப் பெண்மணி ஒரு தமிழனுக்கு நாட்டியப் பாடம் சொல்வது புதிதல்ல. இவ்வளவு மட்டமான மாணவன் கிடைத்தது வேண்டுமானால் புதிது.

கடைசி நாள் அந்த அம்மாளிடம், அக்கா மூலம், ஒன்று கேட்டேன். நீங்கள் ஏன் ஆடுவதை விட்டுவிட்டீர்கள்? அவர் தன் வலது கணுக்காலைத் தட்டிக் காட்டினார். பத்தொன்பது வயதில் போனதாம். அவசரப்பட்டு நின்றேன் என்றார். அதாவது அக்கா அப்படி மொழிபெயர்த்தார். அப்புறம் என் நோட்டை வாங்கி நான்கு படம் வரைந்து கொடுத்தார், குச்சி குச்சியாக. ஒவ்வொன்றின் கீழும் எட்டு என்று ஒரு எண். எட்டு முறை. "நான் பதினாறு பண்ணலாமா?" என்றேன். நான் கேட்டது புரியாமலே தலையை ஆட்டினார். "நியெத்." அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

திரும்பும்போது கடைசி ஸீட்டை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். திருநெல்வேலியில் இறங்கி, நெல்லையப்பர் கோயில் தாமிர சபையில் கொஞ்ச நேரம் நின்றேன். நடராஜரின் ஐந்து சபைகளில் இது செம்புச் சபை. ஒற்றைக் காலில், கையையும் காலையும் வீசி, முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லாமல்... நான் பார்த்தது இடுப்பை. ஆடவே இல்லை. பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர், நான் ஸ்வாமியின் இடுப்பையே முறைத்துப் பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வீட்டில் மூன்று மாசமாக நடக்கிறது. காலையில் பதினைந்து நிமிஷம். பாய், நான்கு படம், எட்டு எட்டு. முதல் மாசம் ஒரு வித்தியாசமும் இல்லை. மனைவி, "ஏன் தினம் காலைல செத்த கரப்பான்பூச்சி மாதிரி கிடக்கறீங்க?" என்றாள். இரண்டாம் மாசம் ஒரு நாள், ஷூ லேஸை நின்றபடியே குனிந்து கட்டியிருக்கிறேன் என்பது ஆபீஸ் லிஃப்ட்டில்தான் உறைத்தது. நடுவில் ஒரு வாரம் விட்டேன். வலி உடனே வந்து, எங்கே போயிட்டீங்க என்று விசாரித்தது. மறுபடி பாய்.

மகளை இன்னும் தோளுக்கு மேல் தூக்கவில்லை. இடுப்பு வரை தூக்குகிறேன். பாலம் போடும்போது அவள் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறாள். என் இடுப்புக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பஸ்ஸை விடுகிறாள். நான் சொல்லிக்கொடுத்த ரூட். "நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், கூடங்குளம்... எல்லாம் எறங்கு!" எட்டு எண்ணி முடித்துவிட்டு இறக்கலாம் என்று பார்த்தால், பஸ் இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை.

"அப்பா, இன்னொரு தடவை!"

யிஷோ ராஸ்.